அக்கா மாட்டுக்கு ஊசி

தோளில் தொங்கும் பெட்டியை வைத்து எல்லோருக்கும் அவள் ‘ஐஸ்பெட்டி’. மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி போடுவது வேலை; ஆறு மாதத்துக்கு ஒரு சுற்று. பெட்டியின் பட்டை உரசி உரசித் தோள் காய்த்துவிட்டது. மாடு உதைத்த முழங்கால் ராத்திரியெல்லாம் குடையும். ஆனால் அவளை ஓய்ந்துபோக வைத்தது மாடுகள் இல்லை, மாட்டுக்காரர்கள். ஊசி போட்டால் இரண்டு நாள் பால் குறையுமே என்று, அவள் தலை தெரிந்ததும் கறவை மாட்டைப் பின்பக்கமாக ஓட்டிவிடுவார்கள். “மாடு வெளியூர் போயிருக்கு” என்று ஒருவர் கூசாமல் சொன்னார். “பஸ்லயா?” என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

இந்தக் கூட்டத்துக்கே தலைவி அவளுடைய கூடப்பிறந்த அக்கா. ஒற்றை மாட்டை வைத்துப் பால் ஊற்றிப் பிழைப்பவள்.

“இப்ப வேணாம்டி. நல்லாக் கறக்குது. வாடிக்கைக்கு நான் என்ன பதில் சொல்ல?”

அடுத்த சுற்றில், “இப்ப வேணாம்டி. நெறமாசச் சினை. கலைஞ்சிட்டா?”

“எப்பதான்க்கா போடறது?”

“வயித்துல ஒண்ணும் இல்லாம, மடியும் வத்திக் கெடக்கும்ல, அப்ப வா.”

மல்லுக்கட்ட ஐஸ்பெட்டிக்குத் தெம்பில்லை. திறந்த மருந்துப் புட்டியை அன்றைக்கே முடித்தாக வேண்டும். போய்விட்டாள்.

கன்று பிறந்த சில நாளில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் கொட்டகைகளில் கோமாரி வந்தது. அக்கா செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தாள். “வாடி, இப்பவே போடுடி!”

ஐஸ்பெட்டி போய்ப் பார்த்தாள். மாட்டின் வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக ஒழுகியது. முன்னங்காலை ஊன்ற மாட்டாமல் மாற்றி மாற்றித் தூக்கியது. கன்று மடியை முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது.

“இனிமே ஊசி ஒண்ணும் பண்ணாதுக்கா. போட்டு ரெண்டு மூணு வாரம் ஆனாத்தான் அது வேலை செய்யும். முதல்ல கன்னைப் பிரிச்சுக் கட்டு.”

“கன்னுக்காவது போடேன்டி.”

“வந்தப்புறம் போட்டு பிரயோஜனம் இல்லக்கா.”

கத்தித் தீர்க்க வேண்டும் போலிருந்தது. அதற்கும் தெம்பு வரவில்லை. கைகாலையும் செருப்பையும் சலவை சோடாத் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்று வேறு கொட்டகை எதற்கும் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்த நோய் செருப்பில்கூட ஒட்டிக்கொண்டு போகும்.

பிரித்துக் கட்டியும் கன்று தப்பவில்லை. நின்றது நின்றபடியே சுருண்டு விழுந்தது. இளங்கன்று என்றால் கோமாரி நெஞ்சையே பிடித்துவிடும். மாடு பிழைத்தது, பால் திரும்பவில்லை.

அடுத்த சுற்றில், கூப்பிடாமலே அக்கா மாட்டைத் தெருவுக்கு இழுத்து வந்து நின்றாள். மாட்டின் விலா எலும்பை எண்ணிவிடலாம்.

“வயித்துல ஒண்ணும் இல்லடி. மடியும் வத்திப்போச்சு” என்றாள், தங்கை முகத்தைப் பார்க்காமல். “இப்பப் போடலாம்ல?”

ஐஸ்பெட்டி பெட்டியைத் திறந்தாள். “கயித்தை நல்லாப் பிடிச்சுக்கக்கா.”