டிரையர் டாங்கிளும் தனம்மா கையும்

கம்ப்யூட்டர் பழுது பார்க்க நன்னிலத்து மில்லுக்குள் நான் நுழைந்தபோது குறுவை நெல் ஈரத்தோடு அம்பாரமாகக் கிடந்தது. வெளியே மழை. நெல் காயவைக்கும் டிரையர் ஓடவில்லை. மில் முதலாளி பாய் ஒரு பிடி நெல்லை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். ஈரத்தில் புழுங்கிச் சுட்டது.

"பாத்தீங்களா தம்பி? இன்னிக்குக் காயப்போடலேன்னா முளை விட்டுரும். ஊர்க்காரங்க என்னை நம்பி இறக்கிட்டுப் போன நெல்லு."

டிரையரை ஓட்டும் கம்ப்யூட்டரில் டாங்கிள் என்று ஒரு யூ.எஸ்.பி. சாவி சொருகியிருக்கும். அது இருந்தால்தான் மென்பொருள் திறக்கும். விற்ற கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். கழற்றிப் பார்த்தேன். மின்சாரம் பாயும் காண்டாக்ட்டில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து அப்பியிருந்தன.

"ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சோம் சார்" என்றார் டிரையர் ஆபரேட்டர் தனம். "இதுக்கு மட்டும் வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்?"

"நெத்தின்னு நெனச்சு வாயில வெச்சுட்டீங்களே, தனம்மா!"

துடைத்தேன். உள்ளே அரித்திருந்தது. மறுபடி சொருகி மேல்பக்கமாக அழுத்திப் பிடித்தால் அதன் விளக்கு எரிந்தது, விட்டால் அணைந்தது.

"நானே பிடிச்சுக்கிட்டு உக்காந்துடறேன் தம்பி."

"நெல்லு காய ராவெல்லாம் ஆகும் பாய். நடுவுல ஒரு தடவை கை நழுவுனா டிரையர் நின்னுரும்."

ஒரே வழிதான். டாங்கிளுக்குள் இருக்கும் டேட்டாவை டம்ப் எடுத்து, அதாவது முழுசாக நகலெடுத்து, விண்டோஸ் படிக்கும் ரிஜிஸ்ட்ரி ஃபைலாக மாற்றி, எமுலேட்டர் என்னும் புரோகிராமிடம் கொடுக்க வேண்டும். அது டாங்கிள் வேஷம் கட்டும்.

"தனம்மா, அழுத்திப் பிடிங்க. உயிரே போனாலும் கையெடுக்காதீங்க."

இரண்டு முறை பாதியில் அறுந்தது. அடுத்த முறை விளக்கு சிமிட்டிச் சிமிட்டி, எப்படியோ டம்ப் முழுதாக வந்தது. கன்வர்ட் செய்தேன், எமுலேட்டரை ஏற்றினேன், டிரையர் மென்பொருளைத் திறந்தேன். 'கீ இல்லை' என்றது.

பெரிய நிபுணன் மாதிரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி கன்வர்ட் செய்தேன். அதே பதில்.

"உங்களுக்கு இது வருமா தம்பி?"

"வரும் பாய்" என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

"சார், கை மரத்துப்போச்சு" என்றார் தனம். "இன்னும் பிடிக்கணுமா?"

திரும்பிப் பார்த்தேன். அசல் டாங்கிளை இன்னமும் அழுத்திக்கொண்டு நின்றார். மென்பொருள் முதலில் அசலைத்தான் விசாரிக்கும். அது திக்கித் திக்கி உளற, நகல் வரைக்கும் விசாரணை போகவேயில்லை.

"பிடுங்குங்க!"

"உயிரே போனாலும்னீங்க?"

"போயிட்டிருக்கறது என் உயிரு!"

பிடுங்கினார். மென்பொருள் திறந்தது. டிரையர் விசிறி உறுமியது. பாய் நெல்லுக்குள் முழங்கை வரை கையை விட்டபடி, புழுங்கிய சூடு இறங்கும்வரை அசையாமல் நின்றார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். எமுலேட்டரைச் சோதிக்கும் முன் அசல் டாங்கிளைக் கழற்றிவிடுங்கள். இது மேனுவலின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. நான் இரண்டாம் பக்கத்திலிருந்து படிக்கிறவன்.