சுகம் கேட்டால் நிற்கவேண்டும்

இன்று காலை பழைய கூட்டாளி ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே, "ஹவ் ஆர் யூ மச்சான்?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் ஆள் பாலத்தடிக்குப் போய்விட்டான். போகட்டும், அவனுக்கு என்ன அவசரமோ. எனக்குப் பிலோமினா அக்காவின் ஞாபகம் வந்துவிட்டது.

மன்னாரில் வெளிநாட்டு உதவி நிறுவனமொன்றின் கந்தோரில் நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்த காலம். மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. கழுத்தில் மட்டும் பெரிய அடையாள அட்டை. அக்கா அங்கே சமையல். பொறுப்பதிகாரி ரொபேட் என்ற வெள்ளைக்காரர். காலையில் படியேறும்போதே "ஹவ் ஆர் யூ?" என்பார். அவர்கள் ஊரில் அதற்கு ஒரு சொல் போதும், கேட்டவர் நிற்பதுமில்லை. எங்கள் பக்கமோ சுகம் விசாரித்தால் சைக்கிளை விட்டு இறங்கியாக வேண்டும். அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு தொடங்குவார்: முழங்கால் உளைவு, மகளின் பள்ளிக்கூடச் சோதனை, கணவர் அந்தோனி அண்ணரின் வலையில் பட்ட மீன்.

"தம்பி, ஒண்டும் விடாமச் சொல்லு அவருக்கு."

ஒரு கால் மேற்படியிலும் ஒரு கால் கீழ்ப்படியிலுமாக ரொபேட் தவிப்பதைப் பார்க்கவேண்டுமே!

பிறகு மகள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஒருநாள் அக்கா "ஃபைன், தாங்க் யூ" என்று முடித்துவிட்டார். எனக்கு வேலை மிச்சம். ரொபேட்டுக்குத்தான் ஏனோ முகம் வாடிவிட்டது.

பிறகு, மாரிமழை தொடங்கியிருந்த ஒரு காலை. முதல்நாள் கடலுக்குப் போன அந்தோனி அண்ணர் திரும்பவில்லை என்பது எங்களுக்குத் தெரியாது. வீட்டில் தனியே இருக்கப் பயந்து அக்கா வேலைக்கு வந்திருந்தார். ரொபேட் வழக்கம்போலக் கேட்டார். "ஃபைன்" என்றார் அக்கா. குரல் சரியில்லை. ரொபேட் குசினிக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அரைகுறைத் தமிழில், "அக்கா, எப்பிடி இருக்கிறியள்?" என்றார்.

"அவர் இன்னும் வரேல்லை ஐயா..."

மாதாவே, அந்த அழுகை! நான் சொல்லி முடிப்பதற்குள் ரொபேட் சாரதியைக் கூப்பிட்டுவிட்டார். கரையோரமெல்லாம் விசாரித்துக்கொண்டு போனோம். படகு எஞ்சின் பழுதாகி இலுப்பைக்கடவைக் கரையில் ஒதுங்கியிருந்தார் அண்ணர். அக்கா நேர்ந்த மெழுகுதிரியை ஏற்ற மடு மாதா கோயிலுக்கும் எங்கள் வாகனம்தான் போனது.

கந்தோர் இப்போது இல்லை. ரொபேட்டும் தன் ஊருக்கே போய்விட்டார். போன வருசம் அக்கா படுக்கையில் கிடந்தபோது போய்ச் சுகம் கேட்டேன்.

"இரு தம்பி, ஆறுதலாச் சொல்லுறன்."

பொழுதுபடும்வரை சொன்னார். அவரை அடக்கம் செய்தபிறகு என்னை யாரும் அப்படி இருத்தி வைத்துச் சொன்னதில்லை. யாரைக் கேட்டாலும் ஃபைன்தான். என்னைக் கேட்டாலும்.