செல்வி அக்கா படத்துக்குக் கீழே என்ன எழுதுவது?

நாளை எங்கள் தேர்வாய் கண்டிகை ஃபேக்டரியில் செல்வி அக்காவுக்குக் கடைசி ஷிப்ட். எல்லோரும் சேர்ந்து கொடுக்க அவர் படத்தை பிரிண்ட் போட, நானும் மாலாவும் இன்று கும்மிடிப்பூண்டி ஸ்டுடியோவுக்குப் போனோம்.

தங்கக் கலர் பார்டர் வைத்துவிட்டு ஸ்டுடியோக்காரர் கேட்டார்: "கீழ இன்னா எழுதறது? கம்பெனி பேரா?"

மாலா பதறிவிட்டாள். "வாணாண்ணா! நாங்கல்லாம் காண்ட்ராக்ட்டு. கம்பெனி பேரு போட்டா பேஜாராயிடும்."

காண்ட்ராக்டர் பெயரைப் போடலாமென்றால், அக்கா வேலை பார்த்த பன்னிரண்டு வருடத்தில் நாலு பேர் மாறிவிட்டார்கள்.

கடைசியில் மாலாதான் சொன்னாள்: "தேர்வாய் கண்டிகை பஸ்ஸு, டிரைவர் பின்னாடி ஜன்னல் சீட்டுன்னு போடுண்ணா. அது ஒண்ணுதான் மாறல."

அப்படியே அடித்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை அந்த சீட்டில் உட்காரப்போவது யார்? நான் நின்றுகொண்டே வந்துவிடுகிறேன்.