என் மகள் சொன்ன அத்ரியஸ் கதை

புலம்பெயர்ந்து வாழும் மோர்டன் நகரில் எங்கள் வீட்டுக் குசினியில் ஆட்டிறைச்சி வெட்டிக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் புராணம் படிக்கும் மகள், வெங்காயம் உரித்தபடி அத்ரியஸ் என்ற அரசனின் கதையைச் சொன்னாள். தன் மனைவியோடு கள்ள உறவு வைத்திருந்த தம்பியை, சமாதானம் பேசவென்று விருந்துக்கு அழைத்தானாம். தம்பியின் பிள்ளைகளையே கொன்று கறியாக்கி அவனுக்குப் பரிமாறினானாம். அவனுடைய பாட்டனும் பெற்ற மகனை வெட்டித் தேவர்களுக்குப் படைத்தவனாம்.

“சீ! இறைச்சி வெட்டேக்க சொல்லுற கதையே இது?” என்றேன்.

“சித்தப்பா வாற நாளில வேற எதைச் சொல்லுறது?” என்று சிரித்தாள்.

என் கணவரும் அவருடைய தம்பியும் ஆறு வருடமாகப் பேசவில்லை. யாழ்ப்பாணத்தில் அவர்களுடைய தகப்பன் இருவரையும் பனைமட்டையால் அடித்து வளர்த்தவர். கணவரின் முதுகில் தழும்புகள் இன்னும் இருக்கின்றன. தம்பிக்கு ஒரு காது கேட்காது. தகப்பன் இறந்தபோது தம்பி செத்தவீட்டுக்குப் போகவில்லை. அதற்காகக் கணவர் ஒரு கலியாண மண்டப வாசலில் வைத்து அவர் வாயில் குத்தினார். இரண்டு பற்கள் போயின. சமாதானமாகட்டும் என்று அன்று மத்தியானம் தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டது நான்தான்.

சோறு போடும்வரை நன்றாகத்தான் இருந்தது. பிறகு தம்பி சுவரைப் பார்த்தார்.

“அந்த மனுசன்ர படத்துக்கு மாலை வேறயோ, அண்ணை?”

“அப்பா எண்டு சொல்லு.”

“ஓம். என்ர காதைச் செவிடாக்கின அப்பா.”

கணவர் கண்ணாடி ஜக்கைத் தூக்கி அவர் நெற்றியில் அடித்தார். ஜக் உடைந்தது. தம்பி மேசையைப் புரட்டிவிட்டுக் கணவரின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு மோதினார். நான் கத்தினேன், கிட்டப் போகத் துணிவு வரவில்லை. மகள்தான் நடுவே புகுந்தாள். கணவரின் கையில் மிஞ்சியிருந்த கண்ணாடித் துண்டு அவளுடைய முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கிழித்தது. கொட்டிக்கிடந்த சோறு முழுக்க இரத்தம். இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். தம்பிதான் தன் சட்டையைக் கழற்றி அவள் கையை இறுக்கிக் கட்டினார்.

அம்புலன்ஸ் வருவதற்குள் கணவர் அவள் காதருகே குனிந்தார். “கைதவறி விழுந்து உடைஞ்சதெண்டு சொல்லு, பிள்ளை.”

நானும் அவளிடம் அதையேதான் சொன்னேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

ஆஸ்பத்திரியில் பொலிஸ்காரியிடம் மகள் ஒன்றையும் மறைக்கவில்லை. ஜக்கையும் சொன்னாள், பாட்டனின் பனைமட்டையையும் சொன்னாள்.

“ஏனடி இப்பிடிச் செய்தனீ?”

“அந்த அரசன்ர குடும்பத்தில ஆளை ஆள் வெட்டிக்கொண்டே போனவை, அம்மா. பேரன்காரன் தாயையே கொலை செய்தவன். அவனைக் கொண்டுபோய் நீதிமன்றத்தில நிப்பாட்டின பிறகுதான் எல்லாம் நிண்டது.”

நீதிமன்றத்தில் கணவர் குற்றத்தை ஒத்துக்கொண்டார். சிறைத்தண்டனையை நிறுத்திவைத்து, கோபத்தை அடக்கும் வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். மகள் வீட்டை விட்டுப் போனாள். கை நரம்பு அறுந்திருந்த அவளைக் கைப்பயிற்சிக்கு வாராவாரம் காரில் கூட்டிப்போனவர் நெற்றியில் தையல் தழும்போடிருந்த சித்தப்பா.

எட்டு மாதம் கழித்து ஒருநாள் கணவர் என் போனை வாங்கி அவளை அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

“விரல் மடக்க ஏலுமோ, பிள்ளை?”

“மூண்டு விரல் ஏலும், அப்பா,” என்றாள்.