பேட்ரிசியாவின் முடங்கிய கணக்கு

கையால் தொட முடியாத பணம் ஒருவருடைய பணம்தானா? காந்தி மார்க்கெட்டில் வாழையிலை விற்கும் பேட்ரிசியா இதை யாரிடமும் கேட்டதில்லை. சென்ற ஆண்டு அவள் வாழ்க்கைதான் அதைக் கேட்டது.

விடியலில் லாரி டிரைவர்களுக்கும் மூட்டை தூக்குபவர்களுக்கும் ரொக்கம் வேண்டும். ஏடிஎம்மில் ஐந்நூறு ரூபாய்த் தாள்தான் வரும். சில நாள் அதுவும் வராது. அதனால் பேட்ரிசியாவின் கடையில் ஸ்கேன் செய்து ஜிபே போட்டுவிட்டு, நூறும் ஐம்பதுமாக வாங்கிக்கொள்வார்கள். அவள் கமிஷன் எடுப்பதில்லை.

“ஒங்க பேங்க்ல லஞ்ச் டைம் எப்பக்கா?” என்பான் மூட்டை தூக்கும் பிச்சமுத்து.

“ஒனக்குத்தான்டா நாள் பூரா லஞ்ச் டைம்.”

ஐப்பசி மழையில் ஒருநாள் அறிமுகமில்லாத இளைஞன் ஒருவன் வந்தான். அண்ணியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னான். எட்டாயிரம் போட்டான், எட்டாயிரம் வாங்கிக்கொண்டு நனைந்தபடியே போனான். பணம் வந்ததைக் கடையிலிருந்த ஜிபே பெட்டி உரக்கச் சொன்னது. அவளும் நம்பினாள்.

சில வாரம் கழித்து, இலைக்கட்டுக்குப் பணம் அனுப்பினால் போகவில்லை. வடக்கே யாரையோ ஏமாற்றிப் பறித்த பணம் பல கணக்குகளைத் தாண்டி அந்த எட்டாயிரமாக அவள் கணக்குக்கு வந்திருக்கிறது என்றார் வங்கி ஊழியர். கணக்கையே முடக்கியிருந்தார்கள். மகள் லிசியின் நர்சிங் கல்லூரி ஃபீஸ் முழுவதும் அதில்தான் இருந்தது. மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

“பணம் உள்ள வரும்மா. வெளிய போகாது” என்றார் ஊழியர்.

அதன் பொருள் கடையில்தான் அவளுக்குப் புரிந்தது. நாற்பது ரூபாய் வந்தது என்று பெட்டி அறிவிக்கும்போதெல்லாம் அவள் நாற்பது ரூபாய் இழந்தாள். ஸ்கேன் செய்யும் ஸ்டிக்கரைக் கிழித்தாள், வாடிக்கையாளர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள். லிசியின் போனிலிருந்து பணம் அனுப்பட்டுமா என்று கேட்டபோது மொத்த வியாபாரி இம்தியாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“தப்பா நினைக்காதீங்கக்கா. ஒங்க வீட்டுப் பணம் ஏறுனா என் கணக்கையும் பூட்டிடுவாங்களாம். ரொக்கம்னா கொடுங்க.”

கணக்கு முடங்கும் வரை அவள் பணமும் அவர் பணமும் ஒரே பணமாக இருந்தன. இப்போது அவளுடையதைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று மார்க்கெட்டே ஒதுங்கியது. பிச்சமுத்து கூட தூரத்திலிருந்துதான் தலையாட்டினான்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தது. லிசியும் கூடப் போனாள். எஸ்.ஐ. போனில் ஒரு படத்தைக் காட்டினார். சுவரோரம் தரையில் உட்கார வைத்து எடுத்த படம்.

“இவன்தானே வந்து ரொக்கம் வாங்குனவன்? ஆமான்னு ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. நீங்க ஏமாந்தவங்கன்னு நானே பேங்க்குக்கு எழுதிடறேன். நாளைக்கே தொறந்துடுவாங்க.”

அவனேதான். சந்தேகத்துக்கு இடமே இல்லை. லிசி பேனாவைத் திறந்து அம்மாவிடம் நீட்டினாள்.

அண்ணி ஆஸ்பத்திரியில் என்று சொல்லி மழையில் நனைந்தபடி போன முகம்தான் பேட்ரிசியாவின் கண்முன் வந்தது.

“இவன் இல்லைங்க.”

“நல்லாப் பாருங்கம்மா.”

“பாத்துட்டேங்க. இவன் இல்லை.”

வீடு இருக்கும் காட்டூர் வரை பஸ்ஸில் லிசி அழுதபடியே வந்தாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அன்றும் கேட்டாள், பிறகும் பலமுறை கேட்டாள். பேட்ரிசியா இன்றுவரை பதில் சொல்லவில்லை.