கட்டிலில் படுத்துப் பார்த்தவர்

பூ வேலைப்பாடுள்ள சீலிங் டைல்களை ஒட்ட, எங்கள் நெய்யூர் வீட்டுக்கு ஒருவர் வந்தார். நரைத்த மீசையில் பசை ஒட்டியிருக்கும். அடிக்கடி ஏணியிலிருந்து இறங்கி, தரையில் மல்லாந்து படுத்துப் பார்ப்பார்.

வாசல் பக்கமிருந்து பாதி அறை முடிந்திருந்தது. "இந்தக் கட்டில்ல யாரு கெடக்கது?" என்றார்.

"எனக்க அம்மை. எழும்ப முடியாது. இப்ப பக்கத்து ரூம்ல கெடக்கா" என்றேன்.

அவர் அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தார். பிறகு ஏணியில் ஏறி, பசை காயுமுன் ஒட்டிய டைல்கள் எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்தார்.

"நல்லாத்தானே அண்ணே இருந்துது?"

"வாசல்லயிருந்து ஒட்டுனா, கடைசில வெட்டுன டைலெல்லாம் அம்மைக்க தலைக்கு மேல வரும் மக்கா. நாள் முழுக்க பாக்கது அம்மைதானே?"

இப்போது அம்மா முழுப் பூக்களைப் பார்த்துக் கிடக்கிறாள். பாதிப் பூக்கள் வாசலுக்கு மேலே இருக்கின்றன. வருகிறவர்கள், "அளவு தப்பிப்போச்சே" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது.