மேல்மாடித் தொட்டி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் ஒரு தையல் டீச்சரும் கூட்டுச் சேர்ந்து கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தின் ஒரு குறுக்குத் தெருவில் கடை திறந்தோம். எம்ப்ராய்டரி நூல், பாசிமணி, துணியில் தீட்டும் பெயிண்ட், கண்ணாடிப் பெயிண்ட், க்ரேப் பேப்பர், காகிதப்பூ செய்யும் கம்பி, கம்பளி நூல் என்று கைவேலைக்கு வேண்டிய சாமான்களெல்லாம் எங்களிடம் இருந்தன. சனிக்கிழமை மதியங்களில் பின்னறையில் டீச்சர் வகுப்பு எடுப்பார். போத்தனூர்க்காரரான அவர் பள்ளிக்கூடத்தில் பல வருடம் தையல் சொல்லிக்கொடுத்து, புதிதாக வந்த தலைமையாசிரியையோடு ஒத்துப்போகாமல் வேலையை விட்டவர். எனக்குத் தைக்கத் தெரியாது. கொள்முதலும் கல்லாவும் என் பொறுப்பு.

கடைக்கு வங்கியில் கடன் வாங்கியிருந்தோம். சரக்குக்கு இன்சூரன்ஸ் எடுத்தே ஆகவேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட, அவரே ஒரு ஏஜென்ட்டை அனுப்பியும் வைத்தார். ஏஜென்ட் கடைக்குள் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஏனுங்க, இது என்ன கடைங்க?"

"ஹாபி கடைங்க. பொழுதுபோக்குக்குக் கைவேலை செய்யறவங்களுக்கு வேண்டிய சாமானுங்க."

"அப்படியொரு கடை எங்க புஸ்தகத்துல இல்லீங்களே." கொஞ்சம் யோசித்தார். "நூல் நெறையா இருக்குதுங்க. நூல் கடைன்னு போட்டர்லாமுங்களா?"

கோயமுத்தூரில் நூல் கடை என்றால் தறிக்கு மூட்டை மூட்டையாக நூல் விற்கிற கடை. அதை அவரிடம் சொன்னேன். "பேரு எதுவா இருந்தா என்னுங்க, தீப்புடிச்சா எல்லாந்தான் எரியப்போகுது" என்றபடி எழுதிக்கொண்டார். கடை திறந்த வாரத்தில் யாரோ ஒருவர் வாயில் இப்படித் தீ என்ற வார்த்தை வந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குமேல் அவரிடம் வாதாடவும் தோன்றவில்லை.

எங்களுக்குத் தீப்பிடிக்கவில்லை. தண்ணீர் வந்தது.

கட்டடத்தின் சொந்தக்காரர் பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் வியாபாரம் செய்து சம்பாதித்தவர். கடைக்கு நேர் மேலே மனைவியோடு குடியிருந்தார். ஒரு திங்கட்கிழமை காலை ஷட்டரைத் தூக்கினேன். செருப்பு நனைந்தது. விளக்கைப் போடப் பயந்து, வாசல் வெளிச்சத்தில் பார்த்தேன். கூரை மூலையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. க்ரேப் பேப்பர் சுருள்களின் சிவப்பும் நீலமும் பச்சையும் கரைந்து, ஒவ்வொரு தட்டாக வழிந்து, நூல் பெட்டிகளுக்குள் இறங்கி, கடைசியில் தரையில் ஒரு சேற்று நிறமாகத் தேங்கியிருந்தன. பாசிமணிகளை நிறம் நிறமாகப் பிரித்துவைத்திருந்த அட்டைப்பெட்டிகள் ஊறிப்போய், எடுத்தால் கையோடு அடி பிரிந்து மணிகள் கொட்டின.

டீச்சர் வந்தார். எதையும் பார்க்காமல் நேராக ஏணியை எடுத்துப்போட்டு மேல்தட்டுக்கு ஏறினார். அங்கேதான் டீச்சர் போகும் சர்ச்சின் பீடத்துணி இருந்தது. போத்தனூர்ப் பங்கின் பெண்கள் சிலர் கோயில் திருவிழாவுக்காகப் பல மாதம் உட்கார்ந்து பூவேலை செய்த துணி. வெள்ளை லினனில் திராட்சைக் கொத்தும் கோதுமைக் கதிரும். ஓரத்துக்கு லேஸ் வைத்துத் தருவதாக டீச்சர் வாங்கிவந்திருந்தார். கடையிலேயே பத்திரமான இடம் என்று மேல்தட்டில் வைத்திருந்தார். அதன் ஒரு பக்கம் முழுக்க க்ரேப் பேப்பரின் சிவப்பு இறங்கியிருந்தது. ஏணியின் மேல்படியிலேயே டீச்சர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

நான் மாடிக்குப் போனேன். கட்டடக்காரர் எழுந்து நின்று வரவேற்றார்.

"தண்ணி எறங்கிருச்சுங்களா அம்மணி? மனசுக்கு ரொம்பச் சங்கட்டமா இருக்குதுங்க. உக்காருங்க, காப்பி குடிக்கலாமுங்க."

காப்பி வந்தது. தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டேன். "தண்ணிங்களா, அது எப்படி வந்துச்சோ போங்க" என்றார். மூன்று விதமாகக் கேட்டுப்பார்த்தேன். மூன்று முறையும் அதே மரியாதையோடு அதே பதிலைச் சொன்னார். எங்கள் ஊரில் ஒருவர் மரியாதையாகப் பேசத் தொடங்கிவிட்டால் அவரிடம் சண்டை போட முடியாது. அந்த வருடம் முழுக்க நான் பட்ட பாட்டில் பாதி இதனால்தான்.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் பலமுறை போன் செய்த பிறகு வந்து, "கவலையே படாதீங்க, நட்டத்தைக் கணக்கெடுக்க சர்வேயர் வருவாருங்க" என்று சொல்லிப் போனார். சர்வேயர் வந்தார். ஒரு மில்லில் ரொம்ப வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மனிதர். வாசலில் நின்றே கேட்டார்:

"நூல் மூட்டையெல்லாம் குடோன்லைங்களா?"

"மூட்டை இல்லீங்க. இதுதானுங்க நூலு" என்று நனைந்த எம்ப்ராய்டரி நூல்கண்டு ஒன்றைக் கையில் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை கிலோ இருக்குமுங்க?"

"இதைக் கிலோவுல விக்கறதில்லீங்க. ஒவ்வொரு கண்டாத்தான் விப்போம்."

"நூல் கடைன்னு எழுதியிருக்குதுங்களே. நூல்னா கிலோக் கணக்குத்தானுங்க." பக்கத்து மளிகைக் கடையில் தராசு வாங்கிவரச் சொன்னார். ஈரத்தோடு நிறுத்தால் கனம் கூடும் என்பதால் எல்லாவற்றையும் காயவைக்கச் சொன்னார். நானும் டீச்சரும் மொட்டைமாடியில் பாய் விரித்து நூல்கண்டுகளைக் காயவைத்தோம். கீழே தெரு ஜனமே அண்ணாந்து பார்த்துப் போயிற்று. மறுநாள் வந்து நிறுத்தார். மணிகளைக் காட்டினேன். "மணி நனைஞ்சா என்னுங்க, துடைச்சா ஆச்சு" என்றார். அத்தனை நிறமும் அளவும் ஒன்றாய்க் கலந்துபோய்க் கிடப்பதை விளக்கினேன். "கலந்தாலும் மணி மணிதானுங்களே" என்றார். கண்ணாடிப் பெயிண்ட் சீசாக்களில் லேபிள் ஒன்றுகூட மிச்சமில்லை. சீசா உடையவில்லையே என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், தன் மில் கணக்கில் மட்டும்தான் எழுதினார்.

அதன்பிறகுதான் பெரிய கேள்வி வந்தது. இன்சூரன்ஸ் கிளை அலுவலகத்துக்கு என்னை வரச் சொல்லியிருந்தார்கள். அங்கே அதிகாரி ஒருவர் எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"மழைத் தண்ணி ஒழுகுச்சுங்களா?"

"இல்லீங்க. அன்னைக்கு மழையே இல்லை."

"வெள்ளமுங்களா?"

"மாடியில இருந்து வந்துச்சுங்க."

"மாடியில வெள்ளம் வராதுங்களே." சிரிக்காமல்தான் சொன்னார். "தண்ணித் தொட்டி நெறஞ்சு வழிஞ்சிருந்தா பாலிசியில எடம் இருக்குதுங்க. தொட்டி இருக்குதுங்களா?"

இருக்கிறது என்றேன். சிறுவாணித் தண்ணீர் தெருக்குழாயில் வரும் நாட்களில் மாடியில் மோட்டார் ஓடும் சத்தம் கடைக்குள் கேட்கும். குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சக்கூடாது என்பது மாநகராட்சி உத்தரவு. கண்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள். அதனால் கட்டடக்காரர் குளியலறைப் பரண்மேல், வெளியே தெரியாமல், சிமென்ட்டில் தொட்டி கட்டியிருந்தார். அதிகாரி சொல்லி சர்வேயர் மறுபடி வந்து மேலே போய்க் கேட்டபோது, "தொட்டிங்களா? எங்க ஊட்டுல தொட்டியே இல்லீங்களே. காப்பி குடிக்கறீங்களா?" என்றாராம். சர்வேயர் காப்பி குடித்துவிட்டு இறங்கி வந்து என்னிடம் கேட்டார்:

"கட்டடக்காரரு இல்லைன்னா நான் எப்படிங்க இருக்குதுன்னு எழுதறது?"

ஆபீசுக்குப் போன அன்றே பீடத்துணியைப் பற்றியும் அந்த அதிகாரியிடம் கேட்டிருந்தேன்.

"அது உங்க சரக்குங்களா?"

"இல்லீங்க. லேஸ் வைக்கக் குடுத்திருந்தாங்க."

"அப்ப அதுல உங்களுக்கு நட்டம் ஒண்ணும் இல்லீங்களே" என்றார். அடுத்தவர் பொருளுக்கும் சேர்த்து எடுப்பதானால் அதை முதலிலேயே தனியாகச் சொல்லியிருக்கவேண்டுமாம். நான் எழுந்து வந்துவிட்டேன். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது, அவரிடம் சொல்லியிருக்கவேண்டிய பதில்களெல்லாம் ஒவ்வொன்றாக வந்தன.

அந்த ஞாயிறு பூசைக்குப் பிறகு டீச்சர் துணியை எடுத்துப்போய்ப் பங்கின் பெண்களிடம் காட்டினார். யாரும் திட்டவில்லை. ஒருவர் மட்டும், "டீச்சர் கையில இருக்குதுன்னுதான் நாங்க கவலையில்லாம இருந்தோம்" என்றாராம். அதை என்னிடம் சொல்லிவிட்டு டீச்சர் துணியை ஊறவைத்தார். உப்பு, எலுமிச்சம்பழம், வெயில் என்று தெரிந்ததையெல்லாம் செய்துபார்த்தார். சிவப்பு ரோஸ் நிறமானது, அதற்குமேல் போகவில்லை.

கட்டடக்காரரின் மனைவி எங்கள் சனிக்கிழமை வகுப்புக்கு வருபவர். வகுப்பில் அதிகம் பேசமாட்டார். தண்ணீர் இறங்கிய நாளிலிருந்து அவர் வகுப்புக்கே வரவில்லை. ஒருநாள் டீச்சர் துணியை மடித்து எடுத்துக்கொண்டு மாடியேறினார். எதற்கு என்று கேட்டேன். "அந்தம்மா பூவேலை செய்யறவங்க. பாக்கட்டும்" என்றார். நானும் பின்னாலேயே போனேன்.

டீச்சர் சமையலறை வாசலில் துணியை விரித்தார். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, திராட்சைக் கொத்தின் மேல் விரலை ஓட்டினார். கறைக்கு வந்ததும் விரல் நின்றது.

"இது நம்ம தண்ணியாலைங்களா, டீச்சர்?"

"ஆமாங்க."

கூடத்திலிருந்து கட்டடக்காரர் குரல் கொடுத்தார். "நீ சித்த சும்மா இரு கண்ணு."

"சும்மா இருந்ததெல்லாம் போதுமுங்க" என்றார் அந்த அம்மா, திரும்பிப் பார்க்காமலே. எங்களிடம் சொன்னார்: "அந்த ஞாயித்துக்கெழமை மோட்டாரப் போட்டுப்போட்டு அன்னூருக்குக் கல்யாணத்துக்குப் போய்ட்டோமுங்க. அணைக்க மறந்தவ நான்தான். சொல்லக்கூடாதுன்னு இவரு சொல்லிப்போட்டாரு. உங்க மூஞ்சிய எப்படிப் பாக்கறதுன்னுதான் நான் கீழயே வரலீங்க."

கட்டடக்காரர் எழுந்து வந்தார். முகம் கறுத்திருந்தது. "தொட்டியக் காட்டுனா பைப்ப வெட்டிருவாங்க கண்ணு."

"வெட்டட்டுமுங்க. லாரித் தண்ணி வாங்கிக்கலாம். கோயிலுக்குன்னு செஞ்ச துணிங்க இது." பிறகு என்னைப் பார்த்து, "அந்த சர்வேயர நாளைக்கு வரச்சொல்லுங்க. நானே காட்டறேன்" என்றார்.

சர்வேயர் மறுநாள் வந்து, ஸ்டூல் மேல் ஏறித் தொட்டியை நீளம் அகலம் ஆழம் அளந்தார். அது எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கட்டடக்காரர் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்சூரன்ஸ் ஆபீசுக்கு எழுதப்பட்டது மாநகராட்சிக்குப் போய்ச் சேரவே இல்லை. யாரும் வந்து குழாயை வெட்டவில்லை. அந்த மனிதர் எதற்குப் பயந்து எங்களை அவ்வளவு அலையவிட்டாரோ அது நடக்கவே போவதில்லை என்று அப்போது யாருக்குத் தெரியும்.

நட்டஈடு அனுமதி ஆனது. நனைந்த நூலைக் கழிவு விலைக்கு விற்கலாம் என்று அதற்கு ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டார்கள். மணிக்கும் சீசாவுக்கும் ஒன்றுமில்லை. மிச்சத்துக்கான செக்கை எங்கள் பெயருக்கு எழுதாமல் வங்கியின் பெயருக்கு எழுதி, வங்கிக்கே அனுப்பிவிட்டார்கள். கடன் இருக்கும்வரை அதுதான் முறையாம். மேனேஜர் போன் செய்து, "உங்க கிளெய்ம் பாஸாயிருச்சுங்க, ரொம்ப சந்தோசம்" என்றார். நான் போனை வைத்துவிட்டு டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு சிரிக்கத் தொடங்கினார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சிரிப்பையும் தாங்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நானும் சிரித்தேன்.

கலந்துபோன மணிகளைப் பிரிக்க நேரமில்லாமல் சின்னச் சின்னப் பொட்டலமாகப் போட்டு வைத்தோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கிப்போனார்கள்.

பீடத்துணிக்குப் பங்கின் பெண்களே வழி கண்டார்கள். கறைபட்ட பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புது லினனை இணைத்து, அந்தப் பகுதியை மட்டும் மறுபடி பூவேலை செய்வது என்று முடிவாயிற்று. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போத்தனூரிலிருந்து பஸ் ஏறிவந்து எங்கள் பின்னறையில் உட்காருவார்கள். என் கடையில் காற்று வரவில்லை, வெளிச்சம் போதவில்லை, விசிறி கத்துகிறது என்று என்னைக் குறை சொல்லிக்கொண்டேதான் தைத்தார்கள். மாடி அம்மாவும் இறங்கிவந்து அவர்களோடு உட்கார்ந்தார். முதல் நாள் யாரும் அவரிடம் பேசவில்லை. அவர் கோதுமைக் கதிர் ஒன்றைப் போட்டுக் காட்டினார். பக்கத்திலிருந்தவர் அதை வாங்கிப் பார்த்து, பிரித்துப்போட்டு, எப்படிப் போடவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அதன்பிறகு பேச்சு வந்துவிட்டது.

திருவிழாவன்று நானும் போத்தனூர்க் கோயிலுக்குப் போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்தேன். துணி பீடத்தில் விரித்திருந்தது. அழகாகத்தான் இருந்தது. "வலப்பக்க வெள்ளையும் இடப்பக்க வெள்ளையும் ஒண்ணுபோல இல்லை" என்று டீச்சர் என் காதில் சொன்னார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பூசை முடியும்வரை அவர் அந்த ஒரு பக்கத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டடக்காரரும் மனைவியோடு வந்திருந்தார். வெளியே மரத்தடியில் என்னைக் கண்டதும் கும்பிட்டார்.

"அம்மணி, இனிமேலுக்கு மோட்டாரு போட்டா கீழ வந்து உங்ககிட்டச் சொல்லிப்போடறேனுங்க."

சும்மா மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்து, செரிங்க என்றேன். அவர் நிஜமாகவே வந்தார். தண்ணீர் வரும் நாளெல்லாம், கடையில் ஆள் இருந்தாலும் வகுப்பு நடந்தாலும் வாசலில் வந்து நின்று, "மோட்டாரு போட்டிருக்குதுங்க" என்பார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இறங்கி வந்து, "அணைச்சுட்டேனுங்க" என்பார். நான் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று, செரிங்க என்று பதில் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அவர் அங்கேயே நின்றுகொண்டிருப்பார்.